டீச்சரிடம் கேளுங்கள்: கோதையாறும் பரளியாறும்

விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஆற்றைப் பற்றித்தான் இருக்கும். திற்பரப்பு, மாத்தூர், மூவாற்றுமுகம், குழித்துறை என்று ஊர்ப்பெயர் மாறும். கேள்வி எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே தண்ணீரைப் பற்றியதுதான். அதனால் இந்த இதழின் பதில்கள் முழுவதையும் ஆற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாறு பக்கத்தில் பிறந்து வளர்ந்து, அந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களிலேயே புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். சில பதில்கள் நீண்டுபோயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், எங்கள் ஊரில் ஓடும் தாமிரபரணியும் குழித்துறையில் ஓடும் தாமிரபரணியும் ஒரே ஆறா? மலையில் எங்காவது பிரிந்து இரண்டாக வருகிறதா?
— பாளையங்கோட்டை வாசகர்

இல்லை. பெயர்தான் ஒன்று. உங்கள் தாமிரபரணி பொதிகையில் பிறந்து கிழக்கே ஓடி, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. எங்களுடையது அதே மலைத்தொடரின் மறுபக்கச் சரிவில் இறங்கி, தென்மேற்காகப் போய், தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் சேர்கிறது. நடுவில் நிற்பது ஒரு மலைமுகடு. முகட்டுக்கு இந்தப் பக்கம் பெய்த மழை எங்களுக்கு, அந்தப் பக்கம் பெய்தது உங்களுக்கு.

எங்களுடையது இரண்டு ஆறுகள் சேர்ந்த ஆறு. கோதையாறு பேச்சிப்பாறை அணையில் தேங்கி, அங்கிருந்து கீழே வந்து திற்பரப்பில் அருவியாக விழுகிறது. பரளியாறு பெருஞ்சாணி அணையைத் தாண்டி, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியில் புகுந்து வருகிறது. இரண்டும் திருவட்டாறைச் சுற்றிக்கொண்டு வந்து மூவாற்றுமுகத்தில் கலக்கின்றன. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை ஆற்றில் நீராட்டும் ஆறாட்டு நடப்பதும் இந்த மூவாற்றுமுகத்தில்தான். அதற்குக் கீழேதான் குழித்துறைத் தாமிரபரணி என்ற பெயர்.

இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மேல்கோதையாறு அணைக்கு ரோடு வழியாகப் போக வேண்டுமென்றால் உங்கள் மாவட்டத்து மணிமுத்தாறு, மாஞ்சோலை, ஊத்து, குதிரைவெட்டி வழியாகத்தான் ஏற வேண்டும். அங்கே தேங்கும் தண்ணீர் குழாயில் மலையிறங்கி, 60 மெகாவாட், 40 மெகாவாட் என்று இரண்டு மின்நிலையங்களை ஓட்டிவிட்டு எங்கள் பேச்சிப்பாறைக்கு வருகிறது. ஆற்றின் தலைமாட்டுக்கு உங்கள் ஊர் பஸ், கால்மாட்டுக்கு எங்கள் ஊர் பஸ்.

போன கோடையில் காளிகேசத்தில் ஆற்றில் இறங்கிப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். ஊர்க்காரர் ஒருவர் ஓடிவந்து சத்தம் போட்டு எங்களைக் கரையேற்றினார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. மழையே இல்லாமல் வெள்ளம் எப்படி வந்தது? இன்னும் நடுக்கம் போகவில்லை.
— சென்னை வாசகி

அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். மழை இருந்தது அம்மா, நீங்கள் இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் தரை மிகவும் ஒடுக்கம். மகேந்திரகிரிப் பக்கத்துச் சிகரங்கள் 1,600 மீட்டருக்கு மேல் போகின்றன. பேச்சிப்பாறையில் காலை பஸ் ஏறினால் மதியச் சோற்றுக்கு முன் தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் நிற்கலாம். இவ்வளவு குறுகிய தூரத்தில் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் ஆறு காவிரி மாதிரி நிதானமாகப் பெருகாது. மலையில் மண் கொஞ்சம், பாறை அதிகம். சரிவு செங்குத்து. மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் அது அப்படியே ஓடைகளில் வழிந்து, ஓடைகள் கூடி, ஒரே வீச்சில் கீழே வரும். ஏறின வேகத்திலேயே வடிந்தும் போகும்.

ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்கத் தரை காயும். கடல் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு மலையில் போய் முட்டும். மதியத்துக்கு மேல் முகட்டில் இடியும் மழையுமாக இருக்கும்போது, அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஆற்றில் இறங்கினால் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைப் பார்த்துப் பயனில்லை. வடகிழக்கே திரும்பி மலை தெரிகிறதா என்று பாருங்கள். முகடு மேகத்துக்குள் போய் மறைந்துவிட்டால், அன்றைக்கு மதியத்துக்கு மேல் தண்ணீரில் வேலை இல்லை.

ஊர்க்காரர் கண்டுபிடித்தது எப்படி என்று கேட்பீர்கள். மலைவெள்ளம் சொல்லிவிட்டுத்தான் வரும். முதலில் சருகும் சுள்ளியும் மிதந்து வரும். கண்ணாடியாக இருந்த தண்ணீரில் லேசான கலங்கல் தெரியும். ஆற்றின் இரைச்சல் கனக்கும். மேலிருந்து குளிர்ந்த காற்றும் மண்வாசனையும் இறங்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் செருப்பு, துணி, போன் எதையும் தேடாமல் ஏற வேண்டும், அதுவும் இறங்கிய கரையிலேயே. அக்கரைக்குப் போய்ச் சாமானை எடுத்துவிட்டு வருகிறேன் என்று நடு ஆற்றுக்கு இறங்கியவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

என் அம்மா எங்களைக் குளிக்கக் கூட்டிப்போனால் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கை அளவு வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து, தண்ணீரின் விளிம்பில், பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் இருக்கும்படி வைப்பார். துணி துவைத்துக்கொண்டே அவ்வப்போது அதைத் திரும்பிப் பார்ப்பார். கல்லின் தலை நனைந்தால் "மக்களே, ஏறுங்கோ" என்று ஒரே குரல். எதற்கு, ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. நீங்களும் ஒரு கல்லை வையுங்கள். பெரியவர் ஒருவர் அதைப் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. நீங்கள் இறங்கும் இடம் அணைக்கு மேலேயா, கீழேயா என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, யாரும் கேட்பதில்லை. காளிகேசம் மாதிரி அணைக்கு மேலே இருக்கும் காட்டாற்றில் மழைதான் முதலாளி. கீழே வந்துவிட்டால் அணையின் ஷட்டர்தான் முதலாளி. எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் தினமும் அணை நீர்மட்டம் போடுவார்கள். பேச்சிப்பாறையின் உயரம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் தலா 18 அடி. மழைக்காலத்தில் பேச்சிப்பாறை 40 அடியைத் தாண்டிவிட்டது என்று கண்டால், உபரி நீர் திறக்கும் அறிவிப்புக்குக் காது கொடுங்கள். பேச்சிப்பாறையிலோ சிற்றாறு அணைகளிலோ திறந்தால் திற்பரப்பு பெருகும். பெருஞ்சாணியில் திறந்தால் திற்பரப்புக்கு ஒன்றும் ஆகாது, மாத்தூர் பாலத்தின் அடியில் ஓடும் பரளியாறு பெருகும். எங்கே திறந்தாலும் குழித்துறையில் தெரியும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது.

மதுரையிலிருந்து ஒரு நாள் பயணமாக வருகிறோம். வயதான மாமியார், இரண்டு சின்னப் பிள்ளைகள். திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம் இரண்டும் ஒரே நாளில் முடியுமா? எதை முதலில் பார்க்கலாம்?
— மதுரை வாசகி

தாராளமாக முடியும். காலையில் மாத்தூர், அப்புறம் திற்பரப்பு.

மாத்தூரில் காலை பத்து மணிக்கு மேல் பாலத்தின் மேல் நிழல் கிடையாது. அதனால்தான் அதை முதலில் வைக்கச் சொல்கிறேன். 1966-இல் கட்டியது. 28 தூண்கள், உயரம் 115 அடி, நீளம் 1,204 அடி. ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குச் சானல் தண்ணீரைத் தொட்டியில் கொண்டுபோகிறார்கள், கீழே பள்ளத்தில் பரளியாறு தன் பாட்டுக்குப் போகிறது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டும் என்பதற்காகக் காமராஜர் ஆட்சிக் காலத்தில் எடுத்த வேலை. மாமியாருக்கு உயரம் பயம் என்றால் பாலத்தின் தொடக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். கால் பலம் உள்ளவர்கள் படி வழியாகக் கீழே இறங்கி, தூண்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். அந்தத் தூண்களின் உயரம் அங்கேதான் உறைக்கும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தொட்டியில் எப்போதும் தண்ணீர் ஓடாது. ஜூன் மாதம் கன்னிப்பூ என்ற முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறப்பார்கள், கும்பப்பூ என்ற இரண்டாம் போகம் முடிந்ததும் அடைத்துவிடுவார்கள். ஏப்ரல், மே மாதத்தில் வந்தால் காய்ந்த தொட்டியைத்தான் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வானத்தில் நடந்துபோவதைக் காட்ட வேண்டுமென்றால் ஜூலையிலிருந்து ஜனவரிக்குள் வாருங்கள்.

திற்பரப்பில் அருவி ஏறக்குறைய 50 அடி. குற்றாலம் பார்த்த உங்களுக்கு உயரம் பெரிதாகத் தெரியாது. அங்கே நான் பார்க்கச் சொல்வது அருவிக்கு மேலே இருக்கும் ஆற்றுப் படுகையை. கால் கிலோமீட்டர் தூரத்துக்கு முழுவதும் ஒரே பாறை. அதன் தலைப்பில் பாசனத்துக்காகக் கட்டிய தடுப்பணை. தடுப்பணைக்குப் பின்னால் தேங்கியிருக்கும் நீரில் படகு விடுகிறார்கள். கூட்டமும் சத்தமும் அருவியில்தான், மேலே ஆறு அமைதியாக இருக்கும். மாமியாரைப் படகில் உட்காரவைத்தால் அவர் அதையே நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டுவிட்டீர்களா, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று நீங்களே கைவைத்துப் பாருங்கள். தோளில் பிடித்துத் தூக்கினால் ஜாக்கெட் மட்டும் காதுவரை ஏறி வந்தால் அது பெரிய அளவு. வேறு கேளுங்கள்.

அருவியின் பக்கத்திலேயே மகாதேவர் கோயில். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் முஞ்சிறையில் தொடங்கி 12 சிவாலயங்களுக்கு ஓடுவார்கள். காவி கட்டி, கையில் விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று குரல் கொடுத்துக்கொண்டு போவார்கள். அதில் மூன்றாவது கோயில் இது. இந்த ஆற்றில் முங்கிவிட்டுத்தான் சாமி கும்பிடுவார்கள்.

சனி, ஞாயிறு வேண்டாம். முடிந்தால் செவ்வாய், புதன் பார்த்து வாருங்கள். திரும்பும்போது குலசேகரத்தில் வண்டியை நிறுத்தி மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விடாமல் தின்பார்கள்.

டீச்சர், நான் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் வீட்டில் ஆச்சி, அம்மா எல்லோரும் ஆற்றில் நீந்துவார்களாம். எனக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். இந்த வயதில் நீச்சல் படிக்க முடியுமா? ஆற்றிலேயே படிக்கலாமா?
— நாகர்கோவில் மாணவி

வயது ஒரு தடையே இல்லை மக்களே. ஆனால் ஆற்றில் தொடங்காதே.

உன் ஆச்சி காலத்தில் ஆற்றில் படித்தார்கள் என்றால், அதற்கு ஆற்றங்கரையில் ஓர் ஏற்பாடு இருந்தது. நான் படித்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் கடவில், அதாவது ஆற்றுப் படித்துறையில், பெண்கள் குளிக்கும் நேரம் தனி. காலையில் துவைக்கிறவர்கள், சாயங்காலம் வயலிலிருந்து வருகிறவர்கள் என்று எந்நேரமும் நாலு பெரியவர்கள் தண்ணீரில் நிற்பார்கள். மட்டை உரிக்காத இரண்டு நெற்றுத் தேங்காயை எடுத்து, மட்டையைக் கொஞ்சம் கீறி, அந்த நாரையே பிரித்து இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். முடிச்சு நம் வயிற்றுக்கு அடியில், காய்கள் இரண்டு பக்கமும். அம்மச்சி ஒரு கையை என் தாடைக்குக் கீழே கொடுத்துக்கொண்டு, "காலை அடி, காலை அடி, என்னைப் பார்க்காதே, அக்கரையைப் பார்" என்பார். நார் விலாவை அறுக்கும், மூக்கில் தண்ணீர் ஏறும். கொஞ்ச நாளில் ஒரு காயை அவிழ்த்துவிடுவார். ஒற்றைக் காயோடு உடம்பு ஒரு பக்கம் சாயும், அதைச் சமாளிக்கக் கை தானாகவே வேலை செய்யத் தொடங்கும். அப்புறம் அந்தக் காயும் போய்விடும். எந்தப் பாறைக்குப் பின்னால் ஆழமான கயம், எங்கே ஒழுக்கு இழுக்கும், எங்கே காலூன்றலாம் என்பதெல்லாம் நீச்சலோடு சேர்த்தே சொல்லித்தருவார்கள்.

அந்த நாலு பெரியவர்கள் இப்போது கடவில் இல்லை. எல்லா வீட்டிலும் குழாய் வந்துவிட்டது, அது நல்ல விஷயம்தான். பெண்கள் குடம் சுமந்து நடந்த நாட்கள் திரும்ப வர வேண்டாம். ஆனால் ஆற்றைத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆறும் பழைய ஆறு இல்லை. மணல் அள்ளிய இடங்களில் குழி விழுந்திருக்கிறது. முழங்கால் அளவு என்று நடக்கும்போதே அடுத்த எட்டில் தலை மூழ்கும். உடைந்த பாட்டில்கள் கிடக்கின்றன. பாறையில் பாசி பிடித்திருக்கிறது.

அதனால் முதலில் நீச்சல் குளத்தில், பயிற்சியாளர் ஒருவரிடம் சேர். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேள். முதல் வாரம் முழுக்க மிதக்க மட்டும் படி. மல்லாந்து, காது தண்ணீருக்குள் இருக்க, மூச்சை அமைதியாக விட்டுக்கொண்டு கிடக்கத் தெரிந்துவிட்டால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும். ஆற்றில் ஒருவரைக் காப்பாற்றுவதும் பெரும்பாலும் இந்த மிதப்புத்தான். ஒழுக்கு இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கால் முன்னால் இருக்கும்படி மல்லாந்து, ஓட்டத்தோடு போய், மெதுவாகக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். குளத்தில் நன்றாகப் பழகிய பிறகு, ஆற்றைத் தெரிந்த ஒருவரோடு, கோடையில், தெளிந்த தண்ணீரில் இறங்கு. ஆச்சி உயிரோடு இருந்தால் அவரையும் கரையில் உட்காரவைத்துக்கொள். அவர் வாயிலிருந்து வரும் ஆற்றுப் பாடம் எந்தப் பயிற்சியாளரிடமும் கிடைக்காது.

எங்கள் கடவில் ஒரு பையன் மூழ்கியபோது, காப்பாற்றக் குதித்த நண்பனும் சேர்ந்து போய்விட்டான். கரையில் நின்றவர்கள் என்ன செய்திருக்க வேண்டும்?
— மார்த்தாண்டம் வாசகர்

படித்ததும் மனம் கனத்துவிட்டது. உங்கள் கடவில் இனி நிற்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் நேரடியாகச் சொல்கிறேன்.

குதிக்கக் கூடாது. மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததை அமுக்கித்தான் மேலே வரப் பார்ப்பார். நன்றாக நீந்துகிறவரையும் அது இழுத்துக்கொண்டு போகும். எறிய வேண்டும், அல்லது நீட்ட வேண்டும். கம்பு, தோர்த்துத் துண்டுகளை முடிந்த கயிறு, சேலை, வேட்டி எதுவானாலும் சரி. மூடிய காலிக் கேன், காலிக் குடம், காற்றடைத்த டியூப் எதுவும் ஆளைத் தாங்கும். நீட்டுகிறவர் நிற்காமல் கரையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் அவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உடனே 112 அல்லது தீயணைப்புத் துறையின் 101-ஐக் கூப்பிட வேண்டும். ஆம்புலன்ஸ் 108.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு செய்யும் தவறு அதைவிடப் பெரியது. வயிற்றை அமுக்குவதும், தூக்கித் தட்டாமாலை சுற்றுவதும், தலைகீழாகப் பிடிப்பதும் வேண்டாம். குடித்த தண்ணீர் வயிற்றில் இருப்பதால் ஆள் சாவதில்லை, மூச்சு நின்றதால்தான் சாகிறார். அமுக்கினால் வாந்தி மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்கள். அப்புறமும் மூச்சும் அசைவும் இல்லையென்றால் நடுமார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடி 30, 2 என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

உங்கள் ஊர் வாசகசாலையிலோ கோயில், சர்ச் மண்டபத்திலோ இதற்கு ஒரு மாலைப் பயிற்சி வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தீயணைப்பு நிலையத்தில் போய்க் கேட்டால் செய்துகாட்ட வருவார்கள். கடவில் ஒரு மரத்தில் காற்றடைத்த பழைய டியூபும் கயிறும் நிரந்தரமாகத் தொங்கட்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்த ஆசை. புத்தகத்தில் இல்லாததாக என்ன காட்டலாம்?
— திருவட்டாறு பகுதி ஆசிரியை

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

கோடையில் மூவாற்றுமுகத்துக்குப் போங்கள். ஒரு ஆற்றின் பக்கத்து மலையில் மட்டும் மழை பெய்திருந்தால், கலங்கிய தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் பக்கம் பக்கமாகக் கொஞ்ச தூரம் சேராமல் ஓடுவதைப் பார்க்கலாம். நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன என்று அதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் சொல்ல முடியாது.

அடுத்தது மணல். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிட்டிகை ஆற்று மணலை ஈரம் போக உலர்த்தி, வெள்ளைத் தாளில் பரப்பி, பூதக்கண்ணாடியில் பார்க்கட்டும். வெள்ளையாகவும் கண்ணாடி மாதிரியும் தெரிவது குவார்ட்ஸ். மினுங்கும் செதில் மைக்கா. நடுவே மாதுளை முத்தின் நிறத்தில் சின்னச் சின்னச் சிவப்புத் துகள் இருக்கும், அதுதான் கார்னெட். எங்கள் மலைப்பாறைகளான கோண்டலைட், சார்னோக்கைட், கார்னெட் கலந்த நைஸ் எல்லாம் யுகக்கணக்கில் சிதைந்து வந்த துகள்கள் இவை. லேசானதை ஆறும் அலையும் அள்ளிப்போக, கனமான தாதுக்கள் கடற்கரையில் பட்டை பட்டையாகத் தங்கிவிடுகின்றன. மணவாளக்குறிச்சியில் இந்திய அருமணல் ஆலை இல்மனைட், மோனசைட், கார்னெட் பிரித்தெடுப்பது அதைத்தான். மலையும் கடற்கரையும் வேறு வேறு பாடம் என்று நினைக்கும் பிள்ளை, அந்தச் சிவப்புத் துகளைக் கண்டதும் இரண்டையும் சேர்த்துவிடும்.

கல்லையும் ஒப்பிடச் சொல்லுங்கள். பேச்சிப்பாறைக்குக் கீழே கிடக்கும் கல் பெரிது, முனையுள்ளது. மூவாற்றுமுகத்தில் உருண்டை. குழித்துறைக்குக் கீழே பெரும்பாலும் மணல். மூன்று இடத்திலிருந்தும் கல் எடுத்து வகுப்பறை ஜன்னலில் வரிசையாக வைத்தால் ஆறு செய்யும் வேலை முழுவதும் அங்கே இருக்கும். தேங்காய்ப்பட்டணம் வரை பஸ் ஏற்பாடு ஆகுமென்றால் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தையும் காட்டுங்கள். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு எதுவரை ஏறுகிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள். பரக்காணியில் தடுப்பணை எதற்கு என்று அப்புறம் விளக்க வேண்டியதே இல்லை.

பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது, பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் வேண்டும். வெள்ளைக் கல்லை மறந்துவிடாதீர்கள்.

பேச்சிப்பாறை அணையைக் கட்டியது ஒரு வெள்ளைக்காரர் என்றும் அவரை ஊர்க்காரர்கள் மூக்கன் துரை என்று அழைத்தார்கள் என்றும் தாத்தா சொல்வார். உண்மையா?
— தக்கலை வாசகர்

உண்மைதான். திருவிதாங்கூரில் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அணை. வேலையை நடத்திய எஞ்சினியர் ஹம்ஃப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின். மூக்கின் எடுப்பைப் பார்த்து ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மூக்கன் துரை. அணையின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அணை பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். நாஞ்சில் நாட்டு வயல்களின் நெல்லில் அந்த வேலைக்கும், பெயர் எழுதிவைக்காமல் கல் சுமந்த நம் ஊர்க்காரர்களின் வேலைக்கும் பங்கு இருக்கிறது.

ஆற்றில் தூண்டில் போடலாமா? என்ன மீன் கிடைக்கும்?
— குலசேகரம் வாசகர்

பொழுதுபோக்குக்குக் கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவதை யாரும் தடுப்பதில்லை. கெண்டை, கெளுத்தி, விரால், ஆரல் கிடைக்கும். அணை நீர்த்தேக்கத்திலும், வனத்துறை எல்லைக்குள்ளும் அனுமதி இல்லாமல் போடக் கூடாது. தோட்டா வெடிப்பது, ப்ளீச்சிங் பவுடர் கலக்குவது இரண்டும் குற்றம். அதைச் செய்கிறவர்களைக் கண்டால் தயங்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள். பத்து மீனுக்காக அந்தக் கயத்தின் குஞ்சு முட்டை எல்லாம் போய்விடும். கீழே அதே தண்ணீரைத்தான் மார்த்தாண்டம் வரை குடிக்கிறார்கள்.

திருப்பூரில் வேலை பார்க்கிறோம். அப்பாவுக்குப் பலி போட, அதாவது தர்ப்பணம் செய்ய, ஆடி அமாவாசைக்குக் குழித்துறைக்கு வர வேண்டும். அந்தச் சமயம் ஆறு எப்படி இருக்கும்? பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?
— திருப்பூர் வாசகர்

கூட்டி வாருங்கள். தாத்தாவுக்குச் செய்வதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் நகராட்சியின் வாவுபலிப் பொருட்காட்சியும் நடக்கும், அவர்களுக்கும் பொழுது போகும்.

ஆடி என்பது எங்களுக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலம். இடவப்பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தையொட்டி, தொடங்கிய மழை நன்றாகப் பிடித்திருந்தால் ஆறு கரை நிறைந்து, செம்மண் நிறத்தில் வேகமாகப் போகும். சப்பாத்து எனும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறியிருந்தால் நடந்தோ வண்டியிலோ அதைக் கடக்காதீர்கள். பெரிய பாலத்தைச் சுற்றிப் போனால் சில நிமிஷம்தான் கூட ஆகும். பலி போட்டு முடித்துப் படித்துறையிலேயே, கயிறு கட்டியிருக்கும் எல்லைக்குள் முங்குங்கள். பிள்ளைகளுக்கு ஒரு சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினால் போதும், முன்னோருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. முந்தின இரவே வந்து தங்கிவிடுங்கள். விடிகாலையில் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் பஸ் நகர இடம் இருக்காது.